ஒரு குறையும் இல்ல சார்

முருகம்மாளுக்கு மூன்று தடவை பதினெட்டு வயது ஆகியிருக்கிறது. தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்த புதிதில், பாவாடை இடுப்பில் நிற்காத வயதில், ஒரு தடவை. அங்கிருந்து பட்டாசுக் கம்பெனிக்கு மாறியபோது இன்னொரு தடவை. மூன்றாவது தடவைதான் உண்மையிலேயே ஆனது. அந்த வருசம் பார்த்து யாரும் வந்து வயது கேட்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். எனக்குத்தான் சிரிப்பு வராது. நான் நர்ஸ். அவள் கைத் தோல் வெந்து கிடந்தபோது மருந்து போட்டுக் கட்டியவள்.

வயது கேட்டால் பதினெட்டு என்று சொல்லப் பழக்கியவர்கள் இன்னொரு வாக்கியத்தையும் பழக்கியிருந்தார்கள். எல்லாப் பட்டாசுக் கம்பெனியிலும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அவள் வேலை பார்த்த கம்பெனியில் இப்படி. சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்று கேட்டிலிருந்து தகவல் வந்ததும் போர்மேன் வெள்ளைத்துரை ரூம் ரூமாக ஓடுவார். ஒரு ரூமில் நான்கு பேருக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்பது சட்டம். மிச்சப் பேர் பின்பக்க வேலிக்கருவேலங் காட்டுக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ள வேண்டும். ரூமில் நிற்கிற நான்கு பேரில் ஒருத்தி எப்போதும் முருகம்மாள்தான். பொய் சொல்லும் என்று யாரும் நினைக்க முடியாத முகம் அவளுக்கு.

அதிகாரி வாசலில் நின்று, "என்னம்மா, ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்பார். அவருக்குப் பின்னால் வெள்ளைத்துரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"ஒரு குறையும் இல்ல சார்" என்பாள் முருகம்மாள்.

தீபாவளி சீசன் சூடு பிடிக்கும் முன்பு வெள்ளைத்துரையே அதிகாரி மாதிரி வாசலில் வந்து நின்று ஒத்திகை பார்ப்பாராம். புதுப் பிள்ளைகள் யாராவது திணறினால், "முருகம்மாளப் பாத்துப் படிங்க. எம்புட்டுத் தெளிவாச் சொல்லுதா" என்பாராம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மனுசி எதிலாவது பெருமைப்படத்தானே வேண்டும்.

நான் அவளை முதலில் பார்த்தது பெரியாஸ்பத்திரித் தீக்காய வார்டில். பக்கத்து ரூமில் பட்டாசு மருந்து பற்றிக்கொண்டதில் இவளுக்கு வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோயிருந்தது. உயிர் தப்பியதே பெரிது. மூன்றாம் நாள் ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். கட்டிலருகே நின்று, கனிவாகத்தான், "கம்பெனியைப் பத்தி ஏதும் குறை இருக்காம்மா?" என்று கேட்டார். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, படுத்த வாக்கில், அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த டிரேயை நங்கென்று வைத்தேன்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? கை இப்படிக் கிடக்கு, குறையில்லங்கீகளே!"

அவள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். "நான் என்ன சொன்னேன் சிஸ்டர்?" என்று கேட்டாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் அதை மாத்திரை மயக்கம் என்று நினைத்தேன்.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. சாத்தூரில் வீடு, வேலை, கிராமம் கிராமமாகப் போய்ச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுப்பது. அந்தக் கிராமங்களில் ஒன்று மூலைப்பட்டி. அங்கே ஒரு வீட்டு வாசலில் ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "சிஸ்டர், நீங்களா!" என்றாள். வலது கைத் தோல் சுருங்கி, பளபளவென்று இருந்தது. கை ஆறியதும் அதே கம்பெனிக்குத்தான் திரும்பப் போய்க்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவள் வீட்டில் ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி குடிக்காமல் நான் அந்த ஊரைத் தாண்டியதில்லை.

மூலைப்பட்டிக்காரர்களுக்கு ஆறுதான் வாசல், ஆறுதான் வில்லங்கம். ஆனைக்கால் ஆறு என்று பேர்தான் பெரிது; வருசத்தில் பாதி நாள் மணல்தான் கிடக்கும். ஊர் ஒரு கரையில், தார்ரோடு மறுகரையில். கம்பெனி வேன் தார்ரோட்டோடு நின்றுவிடும். காலையில் தூக்குச்சட்டியோடு மணலில் இறங்கிப் போய் வேனில் ஏறுவார்கள். சாயங்காலம் இறங்கி அதே மணலில் நடந்து வீடு வருவார்கள். பாலத்துக்கு இரண்டு தடவை அடிக்கல் நாட்டியாயிற்று. இரண்டு கல்லும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. துணி துவைக்க வாகாக இருக்கிறது என்கிறார்கள்.

ஊருக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில், ஒரு சின்ன அணை. அதன் அடியில் ஒரு நூற்பாலைக்காரர்கள் மின்சாரம் எடுக்கிறார்கள். முப்பது வருசத்துக்கு முன்னால் அரசாங்கம் கொடுத்த உரிமம். ஊரில் அதற்குக் கரண்ட் கம்பெனி என்று பேர். பகலெல்லாம் தண்ணீரைச் சேர்த்து வைத்துவிட்டு, ஊர் உலகமெல்லாம் விளக்குப் போடுகிற நேரத்தில், கரண்டுக்குக் கிராக்கி இருக்கும்போது திறந்து விடுவார்கள். மதகுக் கதவைத் தூக்கும் சங்கிலி கடகடவென்று சத்தம் போடும். அடுத்த சில நிமிடத்தில் வறண்டு கிடந்த மணலில் இடுப்பளவுத் தண்ணீர் இழுத்துக்கொண்டு வரும். அதே நேரத்தில்தான் வேலை முடிந்து பெண்கள் ஆற்றில் இறங்கியிருப்பார்கள்.

அணையில் ஒரு சங்கு இருந்தது. மில்லில் ஊதுவது போன்ற சங்கு. தண்ணீர் விடும் முன் அதை ஊதவேண்டும் என்று வைத்தார்களாம். நான் பார்த்தபோது அதன் வாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது.

முருகம்மாளின் வீட்டுக்காரர் செல்லச்சாமி அப்படி வந்த தண்ணீரில்தான் போனார். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாதி ஆறு வந்திருக்கிறார். சைக்கிளை விட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். குளிக்கப் போன இடத்தில் தவறி விழுந்து இறந்தார் என்று கேசை முடித்தார்கள். சாயங்காலம், சட்டை வேட்டியோடு, சைக்கிளையும் தூக்கிக்கொண்டு குளிக்கப் போனாராம். இதை எழுதியவன் கையை என்னவென்று சொல்வது?

அவர் போன பிறகு, பிளஸ் டூ முடித்திருந்த மகள் சினேகாவும் அம்மாவோடு வேனில் ஏற ஆரம்பித்தாள். சில நாள் மகளுக்கு வேலை முடியத் தாமதமாகும். அம்மா முந்தின வேனில் வந்துவிடுவாள். அப்படி வருகிற நாட்களில் முருகம்மாள் கரையில் நின்றுகொண்டு ஆற்றையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். மகள் இக்கரைக்கு வந்து காலில் ஒட்டிய மணலை உதறும்வரை அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். பிரஷர் ஏறிக்கிடந்தது. நான் கொடுத்த மாத்திரை எதற்காகும்? அவள் வியாதி அணையில் இருந்தது.

சங்கைச் சரிபண்ணித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு கரண்ட் கம்பெனிக்குப் போனேன். அங்கே செல்வக்குமார் என்ற இன்ஜினியர். மரியாதையான ஆள், நாற்காலியெல்லாம் போட்டார்.

"லைசென்ஸ்ல சங்குன்னு எங்கயுமே இல்லையே சிஸ்டர். இல்லாததை நான் எப்படிச் செய்ய? இந்த வருசத்தோட முப்பது வருசம் முடியுது. புதுப்பிக்கப் போறாங்க. சூலக்கரையில கருத்துக் கேட்புக் கூட்டம் வைப்பாங்க. பாதிக்கப்படுற ஊர்க்காரங்க வந்து சொன்னா, அதை நிபந்தனையா எழுதித்தான் ஆகணும். எழுதிட்டா மறுநாளே சங்கு ஊதும்."

"சொல்லலேன்னா?" என்றேன்.

"இனி முப்பது வருசம் கழிச்சுக் கேட்கலாம்" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

சூலக்கரை கலெக்டர் ஆபீசில் கூட்டம் என்று பஞ்சாயத்துச் சுவரில் தாள் ஒட்டினார்கள். வேலை நாள், காலை நேரம், தீபாவளிக்கு முந்திய சீசன். ஊரில் பெரும்பாலும் எல்லாருமே பட்டாசுக்குப் போகிறவர்கள். அந்த நேரத்தில் லீவு கேட்டால் மறுநாள் வேனில் இடம் இருக்காது. போதாததற்கு, நூற்பாலைக்காரர் வீடும் பட்டாசுக் கம்பெனி வீடும் சம்பந்தி வகையறா. நான் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். 'வெளியூர்க்காரர், பரிசீலிக்கப்படும்' என்று ஒரு சீல் வைத்து எடுத்துக்கொண்டார்கள்.

முருகம்மாள்தான் போவது என்று முடிவானது. பயமில்லையா என்று கேட்டேன்.

"என்னத்த பயம்? அந்த மனுசன் செத்ததுக்கு ஒருத்தரும் வந்து கேக்கல சிஸ்டர். இப்பத்தான் கேக்காக. கேக்கையில சொல்லாட்டி பெறகு எப்பச் சொல்ல?"

இரண்டே வாக்கியம். சங்கு ஊதணும். நாங்க கரையேறின பெறகுதான் தண்ணி விடணும். இதற்குமேல் எதுவும் வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டோம். பட்டாசுச் சரம் பின்னும்போது சொல்லிப் பார்த்தாள், அரிசி களையும்போது சொல்லிப் பார்த்தாள். ஆட்டிடமும் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் சினேகா கிண்டல் பண்ணினாள்: "எம்மா, நீ போவேண்டாம். ஆட்டைக் கூட்டிட்டுப் போனா அதுவே சொல்லிரும்."

கூட்டத்துக்கு முந்தின நாள் வெள்ளைத்துரை வேனில் வந்து அறிவித்தார்: நாளைக்கு முப்பது பேருக்குக் கம்பெனியில் வேலை கிடையாது, சூலக்கரைக்குக் கூட்டத்துக்குப் போக வேண்டும், வேன் வரும், சாப்பாடு உண்டு. நாற்காலியை நிரப்ப ஆள் திரட்டுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸில் தனியாகப் போய் அவர் கண்ணில் பட்டால் அம்மா மகள் இரண்டு பேர் வேலையும் போய்விடும். அதனால் முருகம்மாளும் அந்த வேனிலேயே ஏறினாள். அவளைப் பேச அழைக்கப்போகிறார்கள் என்பது வெள்ளைத்துரைக்குத் தெரியாது. பேசுகிறவர்கள் வரிசையில் நான் முதல்நாளே அவள் பேரைச் சேர்த்திருந்தேன்.

நான் பஸ்ஸில் போய் ஹாலில் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மின்விசிறிகள் ஓடின. ஆளுக்கொரு பன்னும் டீயும் கொடுத்தார்கள். செல்வக்குமார் திரையில் படம் காட்டினார்: பச்சைப்பசேலென்று ஓர் அணை, அதற்குமேல் ஒரு கொக்கு. எந்த ஊர் அணையோ. பிறகு அதிகாரி பேசினார். இளவயசு, நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தார். இது மக்களுடைய கூட்டம், யாரும் தயங்க வேண்டாம், மனதில் உள்ளதைச் சொல்லலாம் என்று இரண்டு தடவை சொன்னார். முருகம்மாள் பேரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். கையில் மைக்கைக் கொடுத்தார்கள். சுருங்கிப்போன கையால் அதைப் பிடிக்கச் சிரமப்பட்டாள். அதைப் பார்த்துவிட்டு அதிகாரியே மேடையிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் வந்தார். எனக்கு அப்போது அவர்மேல் அவ்வளவு மரியாதை வந்தது.

அவர் இறங்கியதும் வெள்ளைத்துரையும் எழுந்து வந்து, பழக்கத்தில், அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி. "உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?"

"ஒரு குறையும் இல்ல சார்."

தெளிவாக, கணீரென்று, மைக்கில், ஹால் முழுக்கக் கேட்டது. முப்பது பேரும் கைதட்டினார்கள். கைதட்டத்தானே கூட்டி வந்திருந்தார்கள். தட்டச்சு செய்கிற பெண் அதை அப்படியே தட்டிக்கொண்டாள்.

நான் எழுந்து கத்தினேன். "சார், அவங்க சொல்ல வந்தது அது இல்ல சார்! சங்கு..."

"நீங்க எந்த ஊர்?"

"சாத்தூர்."

"உட்காருங்கம்மா. பாதிக்கப்படுற ஊர்க்காரங்களே சொல்லிட்டாங்க."

முருகம்மாள் இன்னும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்து திறந்து மூடியது. ஒரு சத்தமும் வரவில்லை. தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று இந்தத் தடவை அவளுக்குக் கேட்டிருந்தது, மைக்கில் வந்ததல்லவா. நன்றி அம்மா என்று சொல்லி, ஒருவர் அவள் விரல்களைப் பக்குவமாகப் பிரித்து மைக்கை வாங்கிக்கொண்டார். அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள்.

வேனில் ஏறும்போது வெள்ளைத்துரை அவளிடம், "நல்லாச் சொன்ன முருகம்மா" என்று சொன்னார். மனதாரச் சொன்னார். அந்த ஆளை நான் அன்றைக்கு அறைந்திருக்க வேண்டும். கர்த்தருக்குப் பயந்து விட்டுவிட்டேன்.

மறுநாள் நான் மூலைப்பட்டிக்குப் போனேன். அவள் காப்பி போடவில்லை. முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் சொல்லல சிஸ்டர்" என்றாள். "எங்கப்பன் ஆண, நான் சொல்லல. வாயி சொல்லிருச்சு."

பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வாரக் கடைசியில் அவள் இருக்கன்குடிக்குப் போய், மாரியாத்தா முன்னால் நின்று, அந்த இரண்டு வாக்கியத்தையும் சத்தமாகச் சொன்னாளாம். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்ததாம். மாரியாத்தா அதிகாரி இல்லையே.

உரிமம் புதுப்பித்து வந்தது, இன்னும் முப்பது வருசத்துக்கு. சுற்றுவட்டார மக்கள் குறை ஏதும் தெரிவிக்கவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது என்று செல்வக்குமாரே சொன்னார். வருத்தமாகத்தான் சொன்னார்.

முருகம்மாள் பட்டாசு வேலையை விட்டாள். சினேகா ஒருத்தி சம்பாத்தியத்தில் இரண்டு வயிறு. சாயங்காலமானால் அணைக்கும் ஊருக்கும் நடுவில் கரையோரம் ஒரு பாறை உண்டு, அங்கே போய் உட்காருவாள். சங்கிலிச் சத்தம் கேட்டதும் எழுந்து, கரையோடு ஓடிக்கொண்டே, அடிவயிற்றிலிருந்து கத்துவாள்: "ஏ... தண்ணீ... தண்ணீ வருது, ஏறுங்க!" ஆற்று நடுவில் வருகிற பெண்கள் தூக்குச்சட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிக் கரையேறுவார்கள். மழையா, காய்ச்சலா, நல்லநாள் பெரியநாளா, எதுவும் கிடையாது. ஊரில் அவளுக்குச் சங்கு முருகம்மா என்றே பேராகிவிட்டது. அன்றையிலிருந்து ஒரு உயிர் போகவில்லை.

கரண்ட் கம்பெனிக்காரர்கள் இதைப் பார்த்தார்கள். பளபளக்கும் பச்சைச் சட்டை ஒன்றும் ஒரு விசிலும் கொண்டுவந்து கொடுத்து, அவளை அணைப் பக்கம் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். சட்டையை மழைக்கும் குளிருக்கும் போட்டுக்கொண்டாள். விசிலைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். ஆற்றுச் சத்தத்தில் அது கேட்காதாம். அவர்கள் மேலே அனுப்பிய அறிக்கையில், கீழ்ப்பகுதி மக்களை எச்சரிக்க உள்ளூர்ப் பெண் ஒருவர் பணியில் இருக்கிறார் என்று போட்டிருந்தார்கள். நான் நேரே அவளிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"நீங்க கத்தற வரைக்கும் அவங்க சங்கு வைக்க மாட்டாங்கக்கா! ஒரு நாள் போகாம இருங்க, பாப்போம்!"

"எனக்குத் தெரியாதா சிஸ்டர்?" என்றாள். தொண்டை கட்டிக் குரல் கரகரத்தது. "நான் கத்தாம இருந்தாத்தான் அவன் சங்கு வைப்பான். நான் கத்தாம இருந்தா ஆத்துக்குள்ள யாராச்சும் செத்துருவாக. எந்த நாளு கத்தாம இருக்கட்டும்? சினேகா வாரன்னைக்கா, பக்கத்து வீட்டு மாடத்தி வாரன்னைக்கா? நீங்களே ஒரு நாளச் சொல்லுங்க."

நான் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

இப்படியே ஒரு வருசம் ஓடியது. புது உரிமத்தின்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்க ஆள் வருகிறார்கள் என்று செல்வக்குமார் எனக்குப் போன் பண்ணிச் சொன்னார். அந்த மனுசனுக்கும் மனசு உறுத்தியிருக்கும். "அதிகாரிகிட்ட நேரா சொல்லட்டும் சிஸ்டர். சங்கு இல்லைன்னு அவர் குறிச்சுக்கிட்டா நிபந்தனையைத் திருத்தலாம். அதுக்கு வழி இருக்கு" என்றார். நான் முருகம்மாளிடம் சொன்னதும் அவள் முகம் வெளுத்துப்போனது.

"எனக்குத் திரும்பியும் அதே வந்துட்டா?"

"வராது. முதல்ல வாயை இறுக்கி மூடிக்கோங்க. மூச்சை இழுங்க. பெறகு திறங்க. முதல்ல வரவேண்டிய வார்த்தை 'சங்கு'. அது வந்துட்டா மிச்சம் தானா வரும்."

அவர்கள் வருகிற நாள் சாயங்காலம் நான் பாறைப் பக்கத்தில் போய் அவளோடு நின்றுகொண்டேன். சினேகாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. அம்மாவுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு வந்தவள் அங்கேயே நின்றாள். ஜீப் வந்தது. வந்தவர் வேறு அதிகாரி; நரைத்தவர், அலைந்து களைத்திருந்தார். அணையைப் பார்த்துவிட்டு நேரே எங்களிடம் வந்தார். செல்வக்குமார் பின்னால் வந்து நின்றார். மரியாதைக்குக் கையைக் கட்டியிருந்தார், பாவம், அவருக்கு என்ன தெரியும்.

"நீங்கதானா அந்த அம்மா?" என்றார் அதிகாரி. "உங்களைப் பத்தி அறிக்கையில படிச்சேன். ஏதாவது குறை இருக்காம்மா?"

முருகம்மாள் உதட்டை இறுக்கி மூடினாள். கழுத்து நரம்பு புடைத்தது. அந்த வாக்கியம் உள்ளேயிருந்து முட்டிக்கொண்டு வருவதை நான் கண்ணால் பார்த்தேன். அவள் விடவில்லை. மூச்சை இழுத்தாள். வாயைத் திறக்கப் போனாள்.

"ஒரு குறையும் இல்ல சார்."

சொன்னது சினேகா. காப்பிச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, தெளிவாகச் சொன்னாள்.

முருகம்மாள் அவளை வாயோடு சேர்த்து அறைந்தாள். சுருங்கின அந்த வலது கையாலேயே அறைந்தாள். பெற்றதிலிருந்து அந்தப் பிள்ளையை அவள் ஒரு அடி அடித்ததில்லை. செம்பு உருண்டது. அதிகாரி திடுக்கிட்டு ஓரடி பின்னால் போனார்.

"என்னம்மா இது? பெரிய பிள்ளையைப் போய்..."

"சார்" என்றாள் முருகம்மாள். "சங்கு..."

வந்துவிட்டது. முதல் வார்த்தை வந்துவிட்டது. அதிகாரி காதைக் கொடுத்தார். "என்ன சங்கு? சொல்லுங்க" என்றார்.

அணைப் பக்கத்திலிருந்து சங்கிலி கடகடவென்றது.

செல்வக்குமார் கையில் கட்டிய கடிகாரத்தைப் பார்த்தார். திறக்கிற நேரம்தான், அணையில் இருக்கிறவனுக்கு இங்கே நடப்பது எப்படித் தெரியும்? முருகம்மாள் அதிகாரியைப் பார்த்தாள். ஆற்றைப் பார்த்தாள். மாடத்தியும் இன்னும் நாலைந்து பேரும் மணலில் பாதி தூரம் வந்துவிட்டார்கள், ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு. முருகம்மாள் திறந்த வாயோடு அப்படியே திரும்பி ஓடினாள்.

"ஏ... தண்ணீ... தண்ணீ வருது, ஏறுங்க!"

நான் அதிகாரியிடம் சொன்னேன், சொல்லாமல் இல்லை. சங்கு கெட்டுக் கிடப்பதையும் செல்லச்சாமி செத்ததையும் மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு கரையோடு ஓடுகிறவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் விழுந்தடித்துக்கொண்டு ஏறினார்கள். கடைசியாக மாடத்தி ஏறவும் தண்ணீர் அவள் நின்ற இடத்தைக் கடக்கவும் சரியாக இருந்தது.

"எவ்வளவு பொறுப்பாச் செய்றாங்க பாருங்க" என்றார் அவர். நெகிழ்ந்து போயிருந்தார். "சங்கு வச்சாக்கூட இப்படி வேலை செய்யாது." பிறகு என்னிடம், "நீங்க சொன்னதை எழுத்துல கொடுங்கம்மா, பரிசீலிப்போம்" என்றார். சூலக்கரைக்குப் போய்ச் சேர நேரமாகும் என்று ஜீப்பில் ஏறினார். செல்வக்குமார் தலையைக் குனிந்துகொண்டு நடந்துபோனார்.

முருகம்மாள் திரும்பி வரும்போது ஜீப் நின்ற இடம் காலியாக இருந்தது. அவளுக்கு இரைத்தது. குரல் அடியோடு போய்விட்டிருந்தது.

"போய்ட்டாகளா?" என்றாள். காற்றுத்தான் வந்தது.

நான் தலையாட்டினேன்.

சினேகா வீங்கின உதட்டைப் பொத்திக்கொண்டு பாறையருகில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்தாள். அழவில்லை. அவள் முகத்தில் இருந்தது பயம்.

"எம்மா, நான் சொல்லலம்மா" என்றாள். "வாயி சொல்லிருச்சு."

"தெரியும்த்தா" என்றாள் முருகம்மாள். கீழே கிடந்த செம்பை எடுத்து மணலைத் துடைத்தாள்.